அடுத்தது எலெக்ட்ரிக்கா ஆர்ச்டாப்பா? முதலில் அறையைப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. சாலிட் டாப் (மேல்பலகை முழு மரத்தாலான) அகூஸ்டிக் கிட்டார் வாங்கி ஒன்றரை வருடம். புதிதில் விரலுக்கு இதமாக இருந்தது. இப்போது 12வது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஆறாம் கம்பி 3.2 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, பிரிட்ஜுக்கு (பலகை மேல் கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) பின்னால் பலகை தொப்பை போட்டிருக்கிறது. சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வேலை முடிந்து இரவில்தான் வாசிக்க முடியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு தேவாலயக் குழுவில் டிரம்ஸோடு வாசிப்பதும் உண்டு. பழைய சினிமாப் பாட்டுகளை ஜாஸ் கார்டுகளில் வாசிக்க ஆசை. கையில் 2,500 வெள்ளி. எலெக்ட்ரிக் வாங்குவதா, ஆர்ச்டாப் (வயலின்போல் மேல்பலகை வளைந்த கிட்டார்) வாங்குவதா, பழைய கிட்டாரைத் தள்ளிவிடுவதா?

தள்ளிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கிட்டார் கெட்டுப்போகவில்லை, நமுத்துப்போயிருக்கிறது. திறந்து வைத்த அப்பளம் மாதிரி. அதை நமுக்க வைத்த அதே அறையில்தான் அடுத்த கிட்டாரும் இருக்கப்போகிறது என்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும். கிட்டார் செய்பவர்கள் கேட்பதோ 45 முதல் 55 வரை. மரம் ஈரத்தைக் குடித்தால் நார் ஓடும் திசையில் நீளாது, அதற்குக் குறுக்கே அகலும். மேல்பலகைக்கு அடியில் பிரேஸ்கள் (தாங்கு பட்டைகள்) குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் பலகை பக்கவாட்டில் அகல முடியாமல் மேல்நோக்கிப் புடைக்கிறது. பிரிட்ஜும் சேர்ந்து எழும்புகிறது, கம்பியும் உயர்கிறது. போதாததற்கு 12-53 செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 53 வரை கனம்) ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒலி மந்தமாகி, மேல் சுருதிகளின் பளபளப்பு குறைந்திருந்தால் அதுவும் ஈரத்தின் வேலையே.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் மூன்று சோதனைகள். முதலாவது கழுத்து. முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கழுத்தும் உடலும் சேரும் 14வது ஃபிரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்துங்கள். ஆறு, ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அளவுகோல் இல்லையா? பழைய செட்டின் முதல் கம்பியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 12 அளவுக் கம்பி 0.30 மி.மீ. கனம். அது தாராளமாக நுழைந்து ஆடினால் கழுத்து அதிகமாக வளைந்திருக்கிறது. டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) கால் சுற்று வலமாகத் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் அளந்து பாருங்கள். துண்டு நுழையாமல் கம்பியைத் தூக்கினால் கழுத்து அதிகமாக வளையவில்லை, ராடைத் தொடவே வேண்டாம். ஆக்‌ஷனைக் (கம்பியின் உயரத்தை) குறைக்க ராடை முறுக்குவது பலர் செய்யும் பிழை. ராடு கழுத்தின் வளைவுக்கு மட்டும்தான்.

இரண்டாவது, பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சூப்பர் குளூ ஊற்றினால் பிறகு முறையாக ஒட்ட வருபவருக்கு அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும். மூன்றாவது, ஒரு நேரான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி வந்து நிற்க வேண்டும். விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இடித்தால் ஒன்று பலகை எழும்பியிருக்கிறது, அல்லது கழுத்தின் கோணம் மாறியிருக்கிறது. எது என்று உலர்த்திய பிறகுதான் தெரியும்.

அதனால் இப்போதைக்கு சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னப் பட்டை) உரச விடாதீர்கள். 12வது ஃபிரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 0.8 மி.மீ. இறக்க சேடிலில் 1.6 மி.மீ. எடுக்க வேண்டும். ஈரத்தில் புடைத்திருக்கும்போது அவ்வளவையும் உரசிவிட்டு, பிறகு அறையைச் சரிசெய்தால் பலகை இறங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும்; புது சேடிலுக்குத் திரும்பக் காசு. இரண்டு மூன்று வாரம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். ஆறாம் கம்பி 2.4, முதல் கம்பி 1.7 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் செலவே இல்லை. ஒரே நாளில் 85லிருந்து 40க்கு இறக்காதீர்கள். வேகமாக உலரும் பலகைதான் வெடிக்கும்.

எப்படி உலர்த்துவது? அலமாரிக்கு விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களைக் கிட்டார் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, உப்புக் கரைசல். கவிழ்ந்தால் கம்பி, ஃபிரெட், பூச்சு எல்லாவற்றையும் அரிக்கும். 49 சதவீத இருவழிப் பைகள் நல்ல பொருள்தான். ஆனால் நம் ஊர்க் காற்றில் திறந்த அறையில் தொங்கவிட்டால் சீக்கிரமே ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். இறுக்கமாக மூடும் ஹார்ட் கேஸில் மட்டுமே அவற்றுக்கு ஆயுள். சிலிக்கா ஜெல்லில் எதிர்ப்பக்க ஆபத்து உண்டு: புதிதாகச் சூடாக்கி எடுத்த 300 கிராமை மூடிய பெட்டியில் போட்டால் 40க்குக் கீழேயும் இழுத்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதமானி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

கம்ப்ரெஸர் வகை ஈரப்பதம் நீக்கி ஒன்றுதான் இங்கே தலைவலி இல்லாத வழி. மேசை மேல் வைக்கும் குட்டி பெல்டியர் கருவி படுக்கையறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் எடுக்கும் கருவியை 50 அல்லது 55இல் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். வீட்டில் பாம்ப் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே கட்டிய குண்டுவீச்சுக் காப்பறை) இருந்தால் அதுவே நல்ல கிட்டார் அறை. சின்னது, கதவு இறுக்கமானது. ஆனால் கருவி இல்லாமல் அங்கே வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: கான்கிரீட் சுவர், அசையாத காற்று, மூன்று மாதத்தில் பெட்டியின் உட்துணியில் வெள்ளைப் பூஞ்சை.

ஈரப்பதமானி வாங்கியதும் சோதியுங்கள். மலிவானவை ஐந்து, பத்து புள்ளி பொய் சொல்லும். பாட்டில் மூடி ஒன்றில் ஒரு தேக்கரண்டி சமையலுப்பு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர். மூடியையும் கருவியையும் ஒரே ஜிப் பையில் போட்டு மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் உங்கள் கருவி ஆறு கூடச் சொல்கிறது என்று ஒட்டுக்காகிதத்தில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

ஏர்கான் பற்றி ஒரு சொல். ஓடும்போது அறையை உலர்த்தும், நிறுத்தியதும் ஈரம் திரும்பும். இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் அறையில் மரம் தினமும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் பார்க்கிறது. இன்னொன்று கண்ணுக்கே தெரியும்: நம் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 24 டிகிரி. 22 டிகிரி அறையில் இருந்த கிட்டாரை அப்படியே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தால் கம்பி மேலும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மூடி மேலும் முத்து முத்தாக நீர் படியும். துரு அங்கேதான் ஆரம்பம். பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிவெப்பத்துக்குப் பழக விடுங்கள். தேவாலயம் போகும் நாட்களில் இதை நினைவில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப்போவது இதைவிடக் கொடுமை. அந்தச் சூட்டில் பசை இளகும், பிரிட்ஜ் நகரும்.

இனி வாங்கும் கதை.

சாலிட் பாடி எலெக்ட்ரிக் ஈரத்தைப் பற்றிக் கிட்டத்தட்டக் கவலைப்படாது. மெல்லிய பலகை இல்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் அசையும், அதற்கு ராடு இருக்கிறது. இங்கே அதன் எதிரி வியர்வை. பிரிட்ஜ் சேடில்களில் இருக்கும் குட்டி ஆலன் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு சாவி வழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அதன் மடங்குகளையும் பிடித்துக்கொள்ளும். விளக்கு டிம்மர், சார்ஜர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் அந்த இரைச்சல் அடிபட்டுப்போகும். ஹெட்ஃபோனில் வாசிக்க எலெக்ட்ரிக்கை மிஞ்ச எதுவும் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. நல்ல செட்டப் (கம்பி உயரம், கழுத்து வளைவு போன்றவற்றைச் சரிசெய்வது) செய்த நடுத்தர விலை எலெக்ட்ரிக் யாரையும் ஏமாற்றாது.

ஆர்ச்டாப்தான் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாத இடம், ஏனென்றால் அந்த ஒரே பெயரில் மூன்று வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, தடித்த ஸ்புரூஸ் பலகையை வயலின்போல் குடைந்து செதுக்கியது. கிப்ஸன் எல்-5 1922இல் வந்தபோது எஃப் வடிவத் துளைகளோடு இந்த வகைக்கு வடிவம் கொடுத்தது. மைக், ஆம்ப் இல்லாத காலத்தில் பெரிய இசைக்குழுவின் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே தாளம் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன் பிக்கப்பே இல்லாமல் ஆண்டாண்டாக வாசித்தது இப்படிப்பட்ட கிட்டாரில்தான். இரண்டு, ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்த மேல்பலகையில் பிக்கப்பை நேரே பதித்தது. 1949இல் வந்த இஎஸ்-175 இதன் மாதிரி. மூன்று, 1958இல் வந்த இஎஸ்-335 வழியில், நடுவில் மரக்கட்டை வைத்த செமி ஹாலோ. இதைப் பலர் ஆர்ச்டாப் என்று பட்டியலிட்டு விற்பார்கள். மேல்பலகை வளைந்திருப்பது உண்மைதான், ஆனால் நடத்தையில் அது எலெக்ட்ரிக்கின் தம்பி.

விளம்பரத்தை நம்ப வேண்டாம், கைபேசி விளக்கு போதும். எஃப் துளை வழியே ஒளியடித்து உள்ளே பாருங்கள். ஒரு மரச்சுவர் மறித்தால் செமி ஹாலோ. எதிர்ப்பக்கத் துளையின் வெளிச்சம் தடையில்லாமல் தெரிந்தால் முழு ஹாலோ. பிறகு துளையின் வெட்டு விளிம்பைக் கிட்டத்தில் பாருங்கள். பிஸ்கட் அடுக்குபோல் மூன்று நான்கு கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. மேலே தெரியும் நார்க்கோடு உடையாமல் விளிம்பில் இறங்கி உள்ளே தொடர்ந்தால் முழு மரம். விளிம்புக்கு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தால் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, வெளிநாரும் உள்நாரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பிளாட்டாப் (தட்டையான மேல்பலகை) அகூஸ்டிக்கில் அது இரண்டாந்தரம். எலெக்ட்ரிக் ஆர்ச்டாப்பில் அது வேண்டியே செய்தது. விறைப்பான பலகை குறைவாக அதிர்வதால் ஃபீட்பேக் (ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாருக்குள் திரும்ப நுழைந்து ஊளையிடுவது) குறையும், ஈரத்துக்கு மிகக் கொஞ்சமே அசையும். செதுக்கிய மேல்பலகைக்கு இரவும் பகலும் 50 சதவீதம் தர முடியாத வீட்டில் அதற்குக் கொட்டும் பணம் பாதி வீண். உங்கள் தொகையில் நல்ல செதுக்கு வேலை கிடைப்பதும் அரிது.

ஆர்ச்டாப்பின் கட்டுமானத்தில் நம் ஊருக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பிளாட்டாப்பில் கம்பிகள் பிரிட்ஜில் முடிகின்றன. அந்த இழுப்பு, பிரிட்ஜ் ஒட்டிய பலகையைப் பிய்த்து முறுக்கப் பார்க்கும். ஆர்ச்டாப்பில் கம்பிகள் பின்கோடியிலுள்ள டெயில்பீஸில் முடிகின்றன. பிரிட்ஜ் ஒட்டப்படாமல் பலகை மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கம்பி அதைக் கீழே அழுத்துகிறது. ஒட்டாத பிரிட்ஜ் பெயர்வதற்கில்லை. பலகை கொஞ்சம் எழும்பினாலும் பிரிட்ஜின் இரண்டு சக்கரங்களைத் திருகி நிமிடத்தில் ஆக்‌ஷனைச் சரிசெய்யலாம். ஆறாம் கம்பி 2.0, முதல் கம்பி 1.5 மி.மீ. என்பது வசதியான தொடக்கம். உயர்த்தும்போது மட்டும் முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் மரை தேயும்.

ஆனால் ஒலியில் அது உங்கள் அகூஸ்டிக்குக்கு மாற்று ஆகாது. தட்டியதும் பளிச்சென்று எழுந்து சட்டென்று அடங்கும். நடு அலைவரிசை தூக்கலாக, கார்டின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்த்த ஜாஸ் கார்டுகளுக்கு அது வரம். திறந்த கம்பிகளை நீளமாக ஒலிக்கவிட்டு மெட்டை விரலால் மீட்டுவதுதான் உங்கள் பாணி என்றால் காய்ந்த சப்பாத்தி தின்ற மாதிரி இருக்கும். ஒட்டுப்பலகை ஆர்ச்டாப் ஆம்ப் இல்லாமல் டிரெட்நாட்டைவிட (பெரிய உடல் அகூஸ்டிக்) நிறைய அடங்கியே ஒலிக்கும். இரவு பத்தரைக்குமேல் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல், உங்கள் காதுக்குப் போதுமான அளவில் வாசிக்க இதைவிட வசதி இல்லை.

டிரம்ஸுக்கும் மானிட்டருக்கும் (மேடையில் வாசிப்பவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) பக்கத்தில் முழு ஹாலோ ஊளையிடும். எஃப் துளைகளை உள்ளிருந்து ஃபோமால் அடைத்தால் ஓரளவு குறையும். ஒரே கிட்டாரை வீட்டுக்கும் மேடைக்கும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் செமி ஹாலோ வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களிடம் தேவாலயத்துக்கு அகூஸ்டிக் இருக்கிறது, அது சரியாகியும் விடும். அதனால் என் முடிவு: ஒட்டுப்பலகை மேல்பலகை, கழுத்துப் பக்கம் ஒரு ஹம்பக்கர் பதித்த முழு ஹாலோ ஆர்ச்டாப். ஈரப்பதம் நீக்கிக்கும் இரண்டு ஈரப்பதமானிக்கும் சுமார் 400 வெள்ளி, செட்டப்புக்கும் கம்பிக்கும் 200 ஒதுக்கிவிட்டு மீதியில் தேடுங்கள். ஜாஸ் ஆசை ஆறு மாதத்தில் தணிந்துவிடும் என்று உங்களுக்கே தோன்றினால் ஹம்பக்கர் வைத்த எலெக்ட்ரிக்கோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஏறி இறங்கினாலும் சரி, கரௌசலில் பழையது பார்த்தாலும் சரி, ஆர்ச்டாப்பில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்காமல் காசு எடுக்காதீர்கள். பிரிட்ஜ் சக்கரங்கள் அடிமட்டம் வரை இறங்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் கழுத்துக் கோணம் போய்விட்டது; கழுத்தைக் கழற்றி மறுபடி ஒட்டும் செலவு சில கிட்டார்களின் விலையைத் தொடும். பிரிட்ஜின் கால்கள் பலகையின் வளைவோடு முழுக்கப் பொருந்த வேண்டும். ஓரத்தில் தாள் நுழைந்தால் ஒலி நசியும், சரிசெய்யலாம், விலை பேச ஒரு பிடி. வால்யூம், டோன் குமிழ்களை முழுக்கத் திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு வேறு கிட்டாரில் ஐந்து நிமிட வேலை. முழு ஹாலோவில் பின்மூடி கிடையாது, ஒவ்வொரு பாகத்தையும் நூல் கட்டி எஃப் துளை வழியே மீன் பிடிப்பதுபோல் இழுத்து வெளியே எடுக்க வேண்டும். பழைய அமெரிக்க ஆர்ச்டாப் என்றால் ஆமையோட்டு நிறப் பிக்கார்டை (கீறல் விழாமல் காக்கும் தகடு) முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி அடித்தால் அந்த செல்லுலாய்ட் சிதைகிறது. அதன் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தைப் பச்சை பிடிக்க வைக்கும். கழற்றித் தனியாக வைப்பதே மருந்து.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இசைக்கருவிக்குச் சுங்க வரி இல்லை, 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ரோஸ்வுட் என்று பயப்பட வேண்டாம்: 2017இல் வந்த சைட்ஸ் (அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. அது பழைய கிட்டார்களில் இருக்கும், அதற்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஜப்பானில் பயன்படுத்திய ஆம்ப் 100 வோல்ட், அமெரிக்க ஆம்ப் 120. நம் 230இல் நேரே செருகினால் புகைதான்.

கிட்டார் வந்ததும் இரண்டு வாரம் உங்கள் அறையிலேயே பழக விட்டு, பிறகு செட்டப்புக்குக் கொடுங்கள். கம்பி 12-52 நிக்கல் ஃபிளாட்வூண்ட் (தட்டையான நாடா சுற்றியது), மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாக இருக்கட்டும். மரப் பிரிட்ஜின் மேல்விளிம்பு பெரும்பாலும் அதற்கென்றே படி வெட்டப்பட்டிருக்கும்; 10-46 செட்டின் வெறும் ஜி கம்பியைப் போட்டால் மற்ற ஐந்தும் சுருதி சேர்ந்திருக்க, அது மட்டும் சுருதியில் மேலே ஏறி நிற்கும், குறை கிட்டாரில் இல்லை. வெண்கலக் கம்பி காந்தப் பிக்கப்பில் சமமாக ஒலிக்காது, அகூஸ்டிக் செட்டை இதில் போடாதீர்கள்.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மட்டும் மாற்றுங்கள். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், எங்கே இருந்தது என்று தேட வேண்டியதுதான். முன்னெச்சரிக்கையாக அதன் கால்களின் இரு கோடியிலும் ஒட்டு குறைந்த நீல டேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு என்றால் டேப் வேண்டாம், ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நகர்ந்துவிட்டால் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாண்டும் பட்டை) 12வது ஃபிரெட் வரை அளந்து அதே தூரத்தோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டிய இடத்தில் வைத்து, சுருதி சேர்த்து, 12வது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அதே ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது மேலே போனால் அந்தப் பக்கத்தை டெயில்பீஸ் நோக்கித் தள்ளுங்கள், கீழே போனால் கழுத்து நோக்கி. முதலில் ஆறாம் கம்பிப் பக்கம், பிறகு முதல் கம்பிப் பக்கம், மறுபடி ஆறாம் கம்பி. ஒவ்வொரு தள்ளலும் அரை மில்லிமீட்டருக்குமேல் வேண்டாம், தள்ளும்போது கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் பூச்சில் கீறல் விழாது.